அரிசி விலை ஒரு பிரதமரை இறக்குமா? லீ பஜாரிலிருந்து ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பது இது: "என் அண்ணன் சேலத்தில் பொறியியல் படித்துவிட்டு இப்போது ஜப்பானில் வேலை பார்க்கிறான். அங்கே 2025-இல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது என்று புலம்பிக்கொண்டே இருந்தான். பிரதமர் இஷிபா பதவி விலகியதற்கும் அரிசிதான் காரணம் என்கிறான். அவ்வளவு பணக்கார நாட்டில் அரிசி விலைக்காக ஒரு பிரதமர் போவாரா? அப்படியென்றால் நம்மூரில் விலைவாசியைத் திட்டாத ஆளே இல்லையே, இங்கே ஏன் ஒன்றும் நடப்பதில்லை?"

நான் அரசியல் படித்தவன் இல்லை. சேலம் லீ பஜாரில் நாற்பது வருஷம் அரிசி மண்டி நடத்தியவன். அப்பா நடத்திய கடை, இப்போது பையன் பார்க்கிறான். அரிசி பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் விடாமல் படிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஜப்பான் கதையை ஒன்றரை வருஷமாக, மகள் வீட்டுச் சண்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. அரிசி மட்டும் காரணம் இல்லை. ஆனால் அரிசி குறுக்கே வராமல் இருந்திருந்தால், மற்றக் காரணங்கள் அவரை இவ்வளவு சீக்கிரம் இறக்கியிருக்காது என்றே நினைக்கிறேன். அரிசியிலும், விலை ஏறியது பாதிதான். "இதோ இறங்கிவிடும்" என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருந்து அது இறங்காமல் போனது மீதிப் பாதி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாப்பேட்டையில் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அக்கா. மாதம் நான்கு சிப்பம், அதாவது நான்கு மூட்டை, இட்லி அரிசி என்னிடம்தான் எடுப்பார். ஒரு வருஷம் விலை ஏற ஆரம்பித்தது. "இப்ப ஒரு மூட்டை மட்டும் எடுங்கக்கா, அடுத்த லோடு வந்ததும் இறங்கிடும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது. "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்றேன். மூன்றாவது வாரம் வந்தவர் மூட்டையைக் குத்தூசியால்கூடக் குத்திப் பார்க்கவில்லை. "வெலை ஏறுனா நான் சட்னில தண்ணி ஊத்திச் சமாளிச்சுக்குவேன் தம்பி. நீ சொன்னதை நம்பி ஒரு மூட்டையோட போனேன் பாரு, அதைத்தான் சமாளிக்க முடியல" என்றார். அதற்குப் பிறகு வேறு மண்டிக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே விலைதான்.

ஜப்பானில் நடந்ததும் இதுதான். அந்தக் கதை 2023 கோடையில் தொடங்குகிறது. அந்த வருஷம் அங்கே அடித்த வெயிலில் நெல்மணிக்குள் பால் சரியாகப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட அரிசியை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி தெரியாது, நடுவில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை தெரியும். தீட்டும்போது அது உடையும். நூறு மூட்டை நெல் அரைத்தால் வழக்கமாகக் கிடைக்கிற அரிசி கிடைக்காது, குருணை கூடும். ஜப்பானில் பெயர்போன நீகட்டா பகுதியின் கோஷிஹிகாரி ரகத்தில் அந்த வருஷம் முதல்தரம் என்று தேறியது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கணக்கில் நெல் இருக்கும், சாக்கில் அரிசி குறையும். மில்லுக்குப் போகாதவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியாது. அங்கே வேளாண் அமைச்சக அதிகாரிகளுக்கும் புரியவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்த அறுவடை சுமார் 66 லட்சம் டன். தேவை 70 லட்சம் டன்னைத் தாண்டியது. விலை ஏறிய ரொட்டிக்குப் பதில் சோறு தின்றவர்கள், கொரோனாவுக்குப் பிறகு திரும்பி வந்த சுற்றுலாப் பயணிகள் என்று காரணம் பல சொன்னார்கள். 2024 ஜூனில் தனியார் கைவசம் இருந்த இருப்பு, கணக்கெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இல்லாத அளவுக்கு இறங்கிவிட்டது. போதாததற்கு ஆகஸ்டில் ஒரு நிலநடுக்கம் வந்து, பெரிய நடுக்கம் வரலாம் என்று அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். அரிசி அடுக்கு காலி.

அப்போது அரசாங்கம் சொன்னது: "பதட்டப்படாதீர்கள், புது அரிசி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்." நான் அந்த அக்காவிடம் சொன்ன அதே வசனம். சேமிப்புக் கிடங்கிலிருந்து அரிசியை எடுத்துவிடுங்கள் என்று ஒசாகா மாகாண ஆளுநர் கேட்டபோது கூட மறுத்துவிட்டார்கள். புது அரிசி வந்தது. விலை இறங்கவில்லை, இன்னும் ஏறியது. 5 கிலோ 2,000 யென் சொச்சத்துக்கு விற்ற அரிசி, 2025 மே மாதம் பல்பொருள் அங்காடிகளில் சராசரி 4,285 யென். நம் பணத்தில் கிலோ 500 ரூபாய்.

சம்பளம் அதிகம்தானே என்று கேட்பீர்கள். சம்பளம் உயர்ந்ததைவிட விலை உயர்ந்ததுதான் அங்கே பிரச்சினை. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் உண்மைக் கூலி 2024-லும் குறைந்தது, தொடர்ந்து மூன்றாவது வருஷமாக. முப்பது வருஷம் விலையே ஏறாத நாடு அது. விலை ஏற்றம் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. நம்மைப் போல் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பழகிப்போன தோல் இல்லை அவர்களுக்கு.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த இடம். அறுவடை போதுமானது, ஆனால் வழக்கமாக அரிசி சேகரிக்கிற பெரிய கூட்டுறவு, மொத்த வியாபாரிகளிடம் 2.1 லட்சம் டன் குறைவாக வந்திருக்கிறது, ஆகவே எங்கேயோ யாரோ பதுக்கியிருக்கிறார்கள் என்று 2025 தொடக்கத்தில் அரசாங்கத் தரப்பில் சொல்ல ஆரம்பித்தார்கள். உலகத்தில் எந்த ஊரிலும் அரிசி தட்டுப்பாடு வந்தால் முதலில் திருடனாக ஆகிறவன் மண்டிக்காரன். பதுக்குகிறவன் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் விலை இரண்டு மடங்கு ஆகிற அளவுக்குப் பதுக்க வேண்டுமென்றால், முதலில் சரக்கு குறைவாக இருக்க வேண்டும். தாராளமாக விளைந்த வருஷத்தில் பதுக்கினவன் புழுவுக்குத்தான் சோறு போடுவான். கடைசியில் 2025 ஆகஸ்டில், தேவையைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம், உற்பத்தியே போதவில்லை, இனி அதிகம் விளைவிக்கும் கொள்கைக்கு மாறுகிறோம் என்று இஷிபா அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அதற்குள் தேர்தல் முடிந்திருந்தது.

குறைவாக விளைவிப்பதுதான் அங்கே ஐம்பது வருஷக் கொள்கை என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் ஒரு ஜப்பானியர் வருஷத்துக்குச் சுமார் 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இப்போது 50 கிலோவுக்குப் பக்கம். சாப்பிடுவது குறையக் குறைய, விலை விழுந்துவிடக் கூடாதென்று 1970-லிருந்து நிலத்தைத் தரிசு போடவும் வேறு பயிர் வைக்கவும் பணம் கொடுத்தார்கள். 2018-இல் அந்த ஒதுக்கீட்டு முறையைப் பெயரளவில் நிறுத்தினாலும், மாட்டுத் தீவன நெல்லுக்கும் கோதுமைக்கும் சோயாவுக்கும் மானியம் தொடர்ந்தது. வெளிநாட்டு அரிசி உள்ளே வராதபடி கிலோவுக்கு 341 யென் வரி. வருஷத்துக்கு 7.7 லட்சம் டன் மட்டும் அந்த வரி இல்லாமல் வரலாம், அதிலும் பெரும்பகுதி சோற்றுக்குப் போவதில்லை. விவசாயிகளின் சராசரி வயது எழுபதுக்குப் பக்கம். அதாவது, சரியாகத் தேவைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் விளையும், ஒரு பிடி கூட மிஞ்சாது என்கிற மாதிரி இழுத்துக் கட்டிய கயிறு. ஒரு வெயில், ஒரு நிலநடுக்க எச்சரிக்கை, அறுந்துவிட்டது. அந்தக் கயிற்றைக் கட்டியவர் இஷிபா இல்லை. அவர் 2024 அக்டோபரில்தான் பிரதமர் ஆனார். சொல்லப்போனால், பல வருஷம் முன்பு வேளாண் அமைச்சராக இருந்தபோது இந்தக் குறைப்புக் கொள்கையை மாற்ற வேண்டும் என்று சொன்னவரே அவர்தான். அப்போது கட்சிக்காரர்கள் கேட்கவில்லை. யார் முடிந்த முடிச்சு, யார் கழுத்தில் இறுகியது பாருங்கள்.

2025 மார்ச்சில் சேமிப்பு அரிசியை ஏலத்தில் விட்டார்கள். முதல் ஏலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் எடுத்தது விவசாயக் கூட்டுறவின் தேசிய அமைப்பு. ஏலம் என்றால் அதிக விலை கேட்டவனுக்குத்தான் சரக்கு, அந்த விலைக்கு மேல்தான் அவன் விற்பான். விலையைக் குறைப்பதற்காக எடுத்த சரக்கை யாராவது ஏலம் விடுவார்களா? என் கடைப் பையன்கூடச் சிரித்தான். அதற்கு மேல், எடுத்த அளவு அரிசியைப் பின்னால் அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. தீட்டுவது, பை போடுவது, லாரி என்று இழுத்தடித்து, ஏப்ரல் பாதியாகியும் கடை அடுக்குக்கு வந்தது சொற்பம். விலை வாராவாரம் ஏறியது.

இந்த நேரம் பார்த்து, மே 18-ஆம் தேதி, வேளாண் அமைச்சர் எட்டோ ஒரு கூட்டத்தில் பேசினார். தான் அரிசி விலை கொடுத்து வாங்கியதே இல்லை என்றும், ஆதரவாளர்கள் நிறையக் கொடுப்பதால் விற்கிற அளவுக்கு வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னார். கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சொன்னாராம். மூன்று நாளில் பதவி போனது. அடுத்து வந்த கொய்சுமி ஷின்ஜிரோ ஏலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிர்ணயித்த விலைக்கு நேராகக் கடைக்காரர்களுக்கே பழைய அரிசியைக் கொடுத்தார். மே மாதக் கடைசியிலேயே 5 கிலோ 2,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. விடியற்காலையிலிருந்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பழைய அரிசி என்றால் நமக்கு மரியாதை, பொங்கினால் உதிரியாக வரும், வயிற்றுக்கு நல்லது என்போம். அவர்களுக்கோ பழைய அரிசி என்றால் முகம் சுளிப்பு, ஒட்டிக்கொள்கிற புது அரிசிதான் ருசி. அப்படிப்பட்டவர்கள் மூன்று வருஷப் பழைய அரிசிக்கு வரிசை கட்டினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

சராசரி விலை ஜூலையில் 3,600 யென் பக்கம் இறங்கியது. ஆனால் ஜூலை 20-ஆம் தேதி மேலவைத் தேர்தலில் ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மைக்கு 50 இடம் வேண்டியிருந்தது, 47 தான் கிடைத்தது. முந்தின அக்டோபரிலேயே கீழவையிலும் பெரும்பான்மை போயிருந்தது. ஆளுக்கு 20,000 யென் கொடுக்கிறேன் என்று இஷிபா சொல்லிப் பார்த்தார். உணவு மேல் இருக்கிற 8 சதவீத நுகர்வு வரியைக் குறையுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அதற்கு அவர் இணங்கவில்லை. வரியை நிறுத்தாமல் காசை நீட்டியது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை.

மற்றக் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்குள் கோஷ்டிகள் கணக்கில் காட்டாமல் வைத்த நன்கொடைப் பணம், புது எம்.பி.க்களுக்கு இஷிபா தரப்பிலிருந்து போன ஆளுக்கு 1 லட்சம் யென் பரிசுக்கூப்பன், டிரம்ப் போட்ட வரி, வெளிநாட்டவர் மேல் எரிச்சலைக் கிளப்பி வளர்ந்த சான்செய்டோ கட்சி. அமெரிக்காவோடு 15 சதவீத வரிக்கு உடன்பாடு கையெழுத்தாகும்வரை காத்திருந்தார். தலைவர் தேர்தலை முன்கூட்டியே வைப்பதா என்று கட்சி முடிவெடுக்க இருந்த நாளுக்கு முதல் நாள், செப்டம்பர் 7 அன்று, விலகுவதாக அறிவித்தார். இதில் உங்கள் கேள்விக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது: அவரை நேராக இறக்கியது வாக்காளர்கள் இல்லை, சொந்தக் கட்சி எம்.பி.க்கள். இவரோடு போனால் நாமும் மூழ்குவோம் என்ற பயம் அவர்களுக்கு. அங்கே அது வழக்கம். நம் டெல்லியில் ஆளும் கட்சி எம்.பி.க்கள் சேர்ந்து தேர்தலில் ஜெயித்த பிரதமரை விலைவாசிக்காக இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஜப்பானுக்கு அரிசியால் ஆட்சி போவது புதிதும் இல்லை. 1918 ஜூலையில் தொயாமா கடற்கரையில் மீனவப் பெண்கள், ஊரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு போகிற கப்பலை மறித்தார்கள். அதிலிருந்து நாடு முழுக்கக் கலவரம். செப்டம்பரில் பிரதமர் டெராவுச்சி விலகினார். அதே 1918 செப்டம்பரில் நம் சென்னைப் பட்டணத்திலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. இங்கே விலகுவதற்குப் பிரதமர் இல்லை, வெள்ளைக்காரன் இருந்தான்.

நம்மூருக்கு வருகிறேன். இங்கே ஒன்றும் நடப்பதில்லை என்பது சரியில்லை, 1967-இல் நடந்தது. எனக்குப் பத்து வயது. அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். அப்பா கடையில் சாக்கு இருக்கும், அரிசி இருக்காது. அதற்கு முந்தின வருஷம், 1966 ஜூனில், டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆகும்படி இந்திரா காந்தி ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார். மழையும் பொய்த்திருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி வெலை என்னாச்சு?" என்று அன்றைய காங்கிரஸ் முதலமைச்சரைக் கேட்டு, தெருவில் பையன்களோடு சேர்ந்து நானும் கத்தியிருக்கிறேன், அப்பா கடைக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருப்பார். இந்தி எதிர்ப்பின் சூடும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற தி.மு.க.வின் வார்த்தையை எந்தப் பெண்ணுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேலத்தில் வள்ளத்தில் அளப்பவர்கள்கூட அன்றைக்குப் படிக் கணக்கில்தான் பேசினார்கள். காங்கிரஸ் இங்கே போனது போனதுதான். டெல்லியில் இந்திரா குறைந்த பெரும்பான்மையோடு தப்பித்தார்.

அந்த அடியிலிருந்து தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட பாடம், அரிசியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது. எந்தக் கட்சி வந்தாலும் ரேஷன் அரிசியைத் தொட மாட்டார்கள், விலையைக் குறைப்பதில்தான் போட்டி. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011-லிருந்து இலவசம். மண்டிக்காரனாக எனக்கு அதில் வியாபாரம் போனது உண்மை. ஆனால் ஜப்பானில் இல்லாத மெத்தை அது. கடை அரிசி கிலோ 60-க்கு ஏறினாலும் ரேஷன் அரிசியில் இட்லி ஊற்றிவிடலாம் என்று ஒரு வழி இருக்கிறவரை கோபம் கொதிநிலைக்கு வருவதில்லை.

இன்னொரு காரணம், இங்கே யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாது. பையன் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். 25 கிலோ சிப்பம் என்று நாங்கள் ஜென்மம் முழுக்க விற்றது, இப்போது 26 கிலோ. ஏன் தெரியுமா? 2022 ஜூலை 18-லிருந்து, பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் போனால் வரி இல்லை. மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டித் தைத்துவிட்டார்கள். வாங்குகிறவர் கேட்பார், "ஏன் மூட்டை வெலை ஏறிப்போச்சு?" ஒரு கிலோ கூடுதல் என்று பையன் சொல்வான். "யாரு கேட்டா அந்த ஒரு கிலோவ?" என்பார். மோடியைத் திட்டுவதா, அந்த வரியைப் போட்ட கவுன்சிலில் எல்லா மாநில அமைச்சர்களும் உட்கார்ந்திருந்தார்களே அவர்களைத் திட்டுவதா, மில்காரனைத் திட்டுவதா? கடைசியில் பையனைத் திட்டிவிட்டுப் போவார். பத்து கிலோ பை போதும் என்கிற தனியாள்தான் அந்த வரியைக் கட்டுகிறார். கூலிக்காரன், அறை எடுத்துத் தங்குகிற மாணவன், இவர்கள்தான் சின்னப் பை வாங்குவார்கள். அதைப் பற்றிக் கோபப்பட அவர்களுக்கு நேரம் ஏது?

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கே டெல்லி தடை போட்டது, 2024 செப்டம்பரில்தான் எடுத்தது. நடுவில் 2024-இல் மக்களவைத் தேர்தல் வந்தது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் நம் ஆட்கள் முண்டியடித்தார்கள். விவசாயிக்கு அது நஷ்டம், நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் தேர்தலுக்கு முன் அரிசி அடுக்கு காலியாகக் கூடாது என்பதில் இங்கே யாரும் அசட்டையாக இருப்பதில்லை.

ஜப்பானில் இஷிபாவுக்குப் பிறகு அக்டோபர் 21-இல் தகாய்ச்சி சனாயே பிரதமர் ஆனார், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். அவருடைய வேளாண் அமைச்சர் வந்ததும் "தேவைக்கு ஏற்ற உற்பத்தி" என்ற பழைய பாட்டை எடுத்துவிட்டார். விளைச்சலைக் கூட்டுவோம் என்று இஷிபா சொன்னது மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அந்த இலையுதிர் காலத்துப் புது அரிசி வந்த பிறகும் விலை திரும்ப 4,000 யென்னைத் தாண்டியது, ஏனென்றால் சரக்கைப் பிடிக்கிற போட்டியில் கூட்டுறவுகள் விவசாயிக்குக் கொடுக்கிற முன்பணத்தைக் கூட்டியிருந்தன.

உங்கள் அண்ணனுக்கு இங்கிருந்து பொன்னி கட்டிக் கொடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சும்மா பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள், தாவர நோய்ப் பரிசோதனைச் சான்று இல்லாமல் அரிசியை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அங்கே பழைய அரிசி மலிவாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜப்பான்காரர் வேண்டாம் என்று ஒதுக்குவதுதான் நம் குழம்புக்குக் கொஞ்சமாவது உதிரியாக வரும். அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைக்கட்டும்.